பழைய பேர்கின்ஸ் எஞ்சின் வைச்சிருக்கிறாக்களுக்கு ஒரு கராச்

மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போற ஏ34 ரோட்டில, ஒட்டுசுட்டானுக்குக் கொஞ்சம் முன்னம் ஒரு தகரக் கொட்டில் கராச் இருக்கு, போர்ட் ஒண்டும் இல்லை, வாசல்ல டோசர் செயின் குவிஞ்சு கிடக்கும், அதுதான் அடையாளம். பேர்கின்ஸ் டீசல் எஞ்சின் போட்ட பழைய பெக்கோ (மண் தோண்டுற மிசின்), மெசி உழவு மிசின் வைச்சிருக்கிறாக்கள் ஒருக்கா போய்ப் பாருங்கோ.

எங்கட ஜேசிபி பெக்கோவுக்கு ஹெட் காஸ்கெட் (எஞ்சின் புளொக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவில வைக்கிற தகடு) போய், தண்ணியும் ஒயிலும் கலந்து மோர் மாதிரி வந்திட்டுது. டவுண் கடை ஒண்டில "நாலு சிலிண்டர் பேர்கின்ஸ்தானே, எல்லாம் ஒண்டுதான்" எண்டு 1004 எஞ்சின்ர காஸ்கெட்டைத் தலையில கட்டிவிட்டாங்கள், திருப்பியும் எடுக்க மாட்டினமாம்.

இந்தக் கராச் பாஸ், மெக்கானிக்தான், அந்தக் காஸ்கெட் பெட்டியை உடைக்கவே இல்லை. முதல்ல புளொக்கின்ர இடப்பக்கத்தை டீசல் ஊத்தி வயர் பிரஷால தேய்ச்சு நம்பரை எடுத்தார். எல்டி (LD) எண்டு தொடங்கினா 4.236 எண்ட எஞ்சின், ஏஏ (AA) எண்டா 1004, நடுவில யூ (U) கிடந்தா இங்கிலாந்தில செய்தது, கடைசி எழுத்து வருசம். எங்கடது 4.236, அந்த 236 எண்டது எஞ்சின்ர கொள்ளளவு கியூபிக் இஞ்சியில, அதாவது 3.86 லீற்றர். இதுக்கு போர், அதாவது சிலிண்டர்ர உள்விட்டம், 98.4 மில்லிமீற்றர், 1004க்கு 100, பிறகு எப்பிடிக் காஸ்கெட் பொருந்தும்? பெயின்றையும் ஸ்டிக்கரையும் நம்பாதேங்கோ எண்டுறார், சரிதான், எங்கட பக்கம் எத்தினை மிசினுக்கு எஞ்சின் மாறி ஏறியிருக்கு. டப்பெட் (வால்வு) இடைவெளியும் எஞ்சின் நல்லாக் குளிர்ந்தாப் பிறகுதான் 0.012 இஞ்சிக்கு வைச்சவர், அவசரப்படுத்தினா ஏச்சு விழும்.

எஞ்சினுக்கு டீசல் அடிக்கிற சிஏவி பம்பைப் பற்றியும் சொன்னவர், அதுக்குள்ள போற டீசல்தான் அதுக்கு ஒயிலும், அதால சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில டீசலுக்குப் பதிலா மண்ணெண்ணெயில ஓடின பம்பெல்லாம் தேஞ்சு எஞ்சின் சூடானா ஸ்டார்ட் எடுக்கக் கஸ்டப்படுமாம். டீசல் லைனில காத்து எடுக்கேக்க லிப்ட் பம்ப் (டாங்கில இருந்து டீசல் இழுக்கிற சின்னப் பம்ப்) லீவர் சும்மா ஆடினா உடன பம்பை மாத்தாதேங்கோ, எஞ்சினுக்குள்ள சுத்துற கேம் அதைத் தள்ளிப்பிடிச்சு நிக்கும், எஞ்சினை ஒரு சுத்து சுத்திப்போட்டு அடிச்சுப் பாருங்கோ.

குறை எண்டா பில் தரமாட்டார், போன் எடுக்கமாட்டார், சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து பஸ்ஸில வரும்வரைக்கும் மிசின் அங்கதான் நிக்கும், வயல் நேரமெண்டா இன்னும் சுணங்கும். கொமன் ரெயில் (கொம்பியூட்டரால டீசல் அடிக்கிற முறை) வந்த புது மிசினுகளைக் கொண்டு போகாதேங்கோ, கிட்டவும் வரமாட்டார்.