சேர்ந்த பிறகுதான் சோதனையே: ஐ.பி.எஸ். வேலைவாய்ப்புச் சேவை, ஒரு மதிப்பீடு

மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா) பைபோலாரோ (மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் மாறும் நோய்) உள்ள ஒருவர் "நான் வேலைக்குப் போகணும்" என்று சொன்னால், மறுவாழ்வு மையங்கள் பல இன்னமும் செய்வது ஒன்றுதான்: பயிற்சிக் கூடத்தில் உட்காரவைப்பது. உறை ஒட்டுவது, பொட்டலம் கட்டுவது, எண்ணி அடுக்குவது. நேரத்துக்கு வரப் பழகட்டும், கவனம் கூடட்டும், அப்புறம் வெளியே அனுப்பலாம் என்பது கணக்கு. அந்த 'அப்புறம்' பலருக்கு வருவதே இல்லை. உறை ஒட்டப் பழகியவர் உறை ஒட்டுவதில்தான் தேறுவார். கிடங்கிலோ அலுவலக வரவேற்பிலோ தேவைப்படும் பழக்கம் அந்தக் கூடத்தில் கிடைக்காது.

ஐ.பி.எஸ். (Individual Placement and Support, அதாவது தனிநபருக்கு வேலை அமைத்துத் துணை நிற்பது) என்ற சேவை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் வெளியுலகில், மற்றவர்களுக்கு உள்ள அதே சம்பளத்தில் வேலை. பயிற்சி, துணை எல்லாம் அந்த வேலையில் இருந்துகொண்டே. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கிய முறை இது. இன்று பல நாடுகளில் இதே பெயரில் சேவைகள் நடக்கின்றன. எல்லாம் ஒரே தரமில்லை. பெயரைப் பார்த்து நம்பிச் சேர்ந்து ஏமாறுகிறவர்களும் இருப்பதால், இந்தச் சேவை எங்கே பலன் தருகிறது, எங்கே சறுக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பலன். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு லண்டன், சூரிக், சோஃபியா உட்பட 6 நகரங்களில் 312 பேரைப் பின்தொடர்ந்தது. பாதிப் பேருக்கு ஐ.பி.எஸ்., மீதிப் பேருக்கு அந்தந்த ஊரில் கிடைத்த நல்ல 'பயிற்சி முதலில்' சேவை. 18 மாதத்தில் ஒரு நாளாவது வேலை செய்தவர்கள் ஐ.பி.எஸ். பக்கம் 55 சதவீதம், மறுபக்கம் 28 சதவீதம். மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் முறையே 20, 31 சதவீதம். வேலை அழுத்தத்தில் நோய் திரும்பிவிடும் என்று குடும்பமும் சில மருத்துவர்களும் தடுப்பதற்கு இந்த எண்களில் ஆதாரமில்லை. அதே சமயம் 'ஒரு நாளாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள், அளவுகோல் உயரமானதல்ல. நல்ல சேவையிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வேலை அமையவில்லை. நூற்றுக்கு நூறு என்று விளம்பரம் செய்யும் மையத்தைக் கண்டால் அடுத்த மையத்தைப் பாருங்கள்.

சேர்வதும் முதல் மாதமும்

சேரத் தகுதித் தேர்வு கிடையாது. யாரும் பேசாமலே குரல் கேட்பது நின்றிருக்க வேண்டும், குடி விட்டிருக்க வேண்டும், முன் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் வைக்கக் கூடாது. வேலைக்குப் போக விருப்பம் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. நடைமுறையில் இந்த விதிதான் முதலில் உடைகிறது. சேவையின் வேலைவாய்ப்பு ஆலோசகர் வெளிப்படையாக மறுக்க மாட்டார், "இப்ப கொஞ்சம் ஓய்வெடுங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார். அதுவும் மறுப்புதான்.

சேர்ந்ததும் 2 அல்லது 3 அமர்வுகளில் ஒரு விவரக் குறிப்பு தயாராகும். இதில் படிப்பும் பழைய வேலையும் மட்டும் இருந்தால் அது வெறும் ரெஸ்யூமே. உருப்படியான குறிப்பு எப்படி இருக்கும்? உதாரணமாக ஒரு பக்கம்: "இரவு 9 மணிக்கு மாத்திரை. காலை 9 வரை தலை கனம், 10-க்கு மேல் தெளிவு. கூட்டமாகப் பேசும் இடத்தில் குரல்கள் அதிகமாகும், இயந்திர இரைச்சலில் குறையும். போன வேலை போனது வேலை தெரியாததால் அல்ல. மதிய இடைவேளையில் எல்லாரும் ஒன்றாக உட்காரும் அறையைத் தவிர்க்க வெளியே போய், திரும்பி வராததால். வாய்மொழியாக மூன்று வேலை சொன்னால் மூன்றாவது மறந்துபோகும், எழுதிக் கொடுத்தால் செய்வார்." இப்படி எழுதிவிட்டால் எந்த வேலை தேட வேண்டும் என்பதில் பாதி தீர்ந்தது: காலை 11 மணி ஷிப்ட், ஒரே மேற்பார்வையாளர், எழுத்தில் பணிப்பட்டியல், இடைவேளையைத் தனியே கழிக்க ஓர் இடம்.

அடுத்தது வேகம். சேர்ந்த நாளிலிருந்து சராசரியாக 30 நாளுக்குள் ஒரு முதலாளியோடு நேருக்கு நேர் சந்திப்பு நடந்திருக்க வேண்டும். வேலை கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை, சந்திப்பு நடந்திருக்க வேண்டும். விருப்பம் ஆறிப்போகும் முன் கையில் பிடிப்பதற்கான ஏற்பாடு இது. மூன்று மாதம் ரெஸ்யூமே திருத்திக்கொண்டிருந்தால் வந்தவர் வருவதை நிறுத்திவிடுவார், கோப்பில் 'ஆர்வமில்லை' என்று ஏறும்.

முதலாளிகளைப் பிடிக்கும் வேலை ஆலோசகருடையது. வாரத்துக்கு 6 நேரடிச் சந்திப்பாவது வேண்டும், அதற்குப் பதிவேடும் வேண்டும். முதல் தடவை போவது ஒரு 20 நிமிட நேரம் கேட்பதற்கு மட்டும். இரண்டாவது, அங்கே என்னென்ன வேலை நடக்கிறது, எந்த வகை ஆள் நிலைக்கிறார், எந்த வகை ஆள் ஓடிவிடுகிறார் என்று கேட்க. மூன்றாவது தடவைதான் ஓர் ஆளைப் பற்றிப் பேச்சு. முதல் நாளே "எங்களிடம் ஒரு மனநோயாளி இருக்கிறார், வேலை கொடுங்கள்" என்று கேட்டு நிற்பவர் இரக்கத்தைத்தான் விற்கிறார். இரக்கத்தில் கிடைத்த இடம் அடுத்த மேலாளர் வந்ததும் போய்விடும்.

மருந்தும் ஷிப்டும்

ஆலோசகர் சிகிச்சைக் குழுவோடு வாரம் ஒருமுறை உட்கார வேண்டும் என்பது இந்த முறையின் எலும்பு. தனிக் கட்டடத்தில் இருக்கும் வேலைவாய்ப்புப் பிரிவு, மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒருங்கிணைப்பு என்று சொல்லிக்கொள்வது போதாது. ஏனென்றால் வேலையில் வரும் சிக்கலில் பெரும்பங்கு மருந்தோடு பின்னியது.

அகத்தீசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சிதைவுக்கான மருந்துகள் சிலரிடம் உண்டாக்கும் ஓர் உள்பதற்றம் இது, ஓரிடத்தில் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. கல்லாவில் நிற்க வேண்டியவர் காலை மாற்றி மாற்றி வைக்கிறார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடந்துவிட்டு வருகிறார். மேற்பார்வையாளர் கண்ணுக்கு அது அலட்சியம், குடும்பத்தின் கண்ணுக்கு நோய் திரும்புகிறது. மருத்துவர் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யக்கூடிய விஷயம் இது, ஆனால் அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். வாராந்திரக் கூட்டம் இருந்தால் தகவல் ஒரு வாரத்துக்குள் போய்ச் சேரும். இல்லாவிட்டால் அடுத்த மருத்துவச் சந்திப்புவரை காத்திருக்கும், அதற்குள் வேலை போயிருக்கும்.

பைபோலார் உள்ளவருக்குச் சுழலும் ஷிப்ட் ஆகாது. வாரத்துக்கு வாரம் தூக்க நேரம் மாறினால் மேனியா எனப்படும் அளவுமீறிய மனவெழுச்சி கிளம்ப அதுவே போதும், எனவே சம்பளம் கூடுதல் என்றாலும் நிலையான பகல் ஷிப்ட்தான் கேட்க வேண்டும். மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவரைக் கொதிகலன் பக்கமோ வெயில் வேலைக்கோ அனுப்பும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வியர்த்து நீரிழப்பு ஏற்பட்டால் ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறலாம். மனச்சிதைவுக்கான குளோசபைன் மருந்து தொடங்கியவருக்கு ஆரம்ப மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை இருக்கும். அந்த நாளை முன்கூட்டியே ஷிப்ட் அட்டவணையில் விலக்கி வைக்காவிட்டால், வாரம் ஒருமுறை 'திடீர் விடுப்பு' எடுப்பவர் என்று பெயர் வந்துவிடும். கை நடுக்கம் உள்ளவருக்கு நுண்பொருள் கோக்கும் வேலை வேண்டாம், அதே நிறுவனத்தில் சரக்குப் பதிவு வேலை பார்க்கலாம். இதையெல்லாம் ஆலோசகர் தனியாக யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

சொல்வதா, வேண்டாமா

நோயை முதலாளியிடம் சொல்வது வேலை தேடுபவரின் முடிவு. சேவையில் சேர்ந்தாலே சொல்லியாக வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் மையம் விதியை மீறுகிறது. ஒரே ஒரு தடவை கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு முடிப்பதும் தவறு. இன்டர்வியூவுக்கு முன் ஒருமுறை, வேலை கிடைத்ததும் ஒருமுறை, சிக்கல் வந்தால் இன்னொருமுறை என்று இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரும். சொல்வது என்று முடிவானால் வாசகத்தையே எழுதிப் பார்ப்பது நல்லது. "எனக்கு மனச்சிதைவு" என்று தொடங்க வேண்டியதில்லை. "எனக்கு ஒரு உடல்நலக் காரணம் இருக்கு, காலையில மாத்திரை மயக்கம் இருக்கும். 11 மணிக்கு வந்தா முழு வேலையும் செஞ்சிருவேன். வேலையை எழுதிக் கொடுத்தா தப்பு வராது" என்பது போதும். நோயின் பெயரை விட்டுவிட்டுத் தேவையை மட்டும் சொல்வதால் முதலாளிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று புரியும். சொல்ல வேண்டாம் என்றால் ஆலோசகர் அந்த நிறுவனத்தின் வாசலை மிதிக்கக் கூடாது, பேச்சுவார்த்தை எல்லாம் வெளியேதான்.

சேர்ந்த மறுநாள்

எங்கள் மதிப்பீட்டில் இந்தப் பகுதிக்கே அதிக மதிப்பெண், பெரும்பாலான மையங்கள் தோற்பதும் இங்கேதான். விதிப்படி வேலை தொடங்கும் முந்தைய வாரத்தில் ஒரு சந்திப்பு, தொடங்கி 3 நாளுக்குள் ஒன்று, முதல் மாதம் வாராவாரம், பிறகு நிலைபெற்ற பின்பும் மாதம் ஒருமுறையாவது, ஒரு வருடமோ அதற்கு மேலோ. 'வேலையில் சேர்த்தவர்கள்' என்ற எண்ணிக்கைக்காக நிதி வாங்கும் மையம் சேர்ந்த அன்றே கோப்பை மூடத் துடிக்கும். அங்கே மேற்சொன்ன சந்திப்புகள் தொலைபேசி விசாரிப்பாகச் சுருங்கும். "எப்படிப் போகுது?" "நல்லாப் போகுது." அவ்வளவுதான்.

இந்த நாட்களில் என்னதான் கெடுகிறது? நோய்க்குறி மட்டுமல்ல. முகத்தில் உணர்ச்சி தெரியாததால் 'திமிர் பிடித்தவர்' என்று சக ஊழியர்கள் ஒதுங்குவார்கள். நன்றாகச் செய்கிறார் என்று மேலாளர் மணிநேரத்தைக் கூட்டுவார், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இவர் ஒத்துக்கொள்வார். மாத்திரை மயக்கத்தில் வேலை ஓடவில்லை என்று தானாகவே மாத்திரையை விடுவார், சில வாரம் பிரமாதமாக வேலை செய்வார், பிறகு சரிவார். புரிந்துகொண்ட மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போவார், புதியவருக்கு எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு தெரியாது. வாராவாரம் நேரில் பார்க்கும் ஆலோசகருக்கு இவை முளையிலேயே தெரியும்.

குறைகள்

கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் பகுதிநேரம், அடிமட்டம். முதல் வேலை சில மாதங்களில் முடிவது அபூர்வமல்ல. நினைவாற்றல், கவனம், திட்டமிடல் குறைந்தவர்களுக்கு ஐ.பி.எஸ். மட்டும் போதாது. சிந்தனைத் திறன் பயிற்சியைச் சேர்த்துத் தரும் இடங்களில் பலன் கூடுகிறது, அது இருக்கிறதா என்று கேளுங்கள். தனிமைக்கு இதில் மருந்தில்லை. அதற்கு 1948-இல் நியூயார்க்கில் ஃபவுண்டன் ஹவுஸ் என்ற அமைப்பு தொடங்கிய கிளப்ஹவுஸ் முறை எவ்வளவோ மேல்: வந்து உட்கார, சேர்ந்து வேலை செய்ய, ஆயுள் முழுக்க ஓர் இடம். அங்கேயும் வேலை உண்டு, வாரம் 15 முதல் 20 மணி நேரம், 6 முதல் 9 மாதம். உறுப்பினர் வர முடியாத நாளில் கிளப்ஹவுஸே ஆளனுப்பி ஈடுகட்டும் அருமையான ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்த இடைக்கால வேலை கிளப்ஹவுஸுக்குச் சொந்தம், முடிந்ததும் அடுத்தவருக்குப் போகும். ஐ.பி.எஸ். வழியாகக் கிடைக்கும் வேலை, அதைச் செய்பவருக்கே சொந்தம். இரண்டும் ஒரே ஊரில் இருந்தால் இரண்டிலும் சேரலாம், முரண் ஒன்றும் இல்லை. வேலையே வேண்டாம் என்பவரைக் குடும்பம் இழுத்துவந்து சேர்ப்பதில் மட்டும் பயனில்லை.

தரத்தை அளக்க 25 அம்சங்கள் கொண்ட அளவுகோல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண், மொத்தம் 125. 115-ம் அதற்கு மேலும் மிகச் சிறப்பு, 100 முதல் 114 வரை நன்று, 74 முதல் 99 வரை பரவாயில்லை. 73-ம் அதற்குக் கீழும் என்றால் அது ஐ.பி.எஸ்.ஸே இல்லை. மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் கூட்டுத்தொகையோடு நிற்காதீர்கள். கூட்டுத்தொகை நன்றாக இருந்தும் முக்கியமான இடத்தில் ஓட்டை இருக்கலாம். ஓர் ஆலோசகருக்கு எத்தனை பேர் (20-க்கு மேல் போகக் கூடாது)? அவருடைய நேரத்தில் 65 சதவீதமாவது அலுவலகத்துக்கு வெளியே கழிகிறதா? வேலைவாய்ப்பு தவிர வேறு பொறுப்பும் அவர் தலையில் இருக்கிறதா? போன வாரம் சிகிச்சைக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தாரா? கடைசியாக இன்னொன்று: போன வருடம் வேலை இழந்தவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த வேலை தேடித் தந்தார்கள், அதற்கான முதல் சந்திப்பு எத்தனை நாளில் நடந்தது? பதிவேட்டைப் பார்த்து பதில் சொல்லும் இடத்தில் பெயரைப் பதிவுசெய்யலாம்.