கோவையிலிருந்து வீணை அனுப்பும் கூரியர் சேவை: பேக்கிங் பரவாயில்லை, பில்தான் கனம்

காந்திபுரத்துக் கூரியர் கடைகளில் ‘கிலோவுக்கு இவ்வளவு’ என்று சொல்வதை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீங்க. விமானப் பார்சலுக்குப் பருமன் எடைதான் பேசும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பாங்க. 140 × 45 × 45 பெட்டி என்றால் 56.7 கிலோ! தராசில் வைத்தால் அதில் பாதிகூட வராது. உயரத்தில் 5 செ.மீ. குறைத்தாலே 6 கிலோ மிச்சம். அதனால் வீணையின் மேல்பக்கம் தொங்கும் சுரைக்காயைக் கழற்றி, தனியாகச் சுற்றி, தண்டிக்கு (வீணையின் நீளமான கழுத்துப் பகுதி) பக்கத்துக் காலியிடத்தில் வைக்கச் சொல்லுங்க.

குடத்தை (வீணையின் பெரிய உருண்டைப் பகுதி) சுற்றி ஃபோம் நல்லாவே வைக்கறாங்க. கோட்டை விடுவது தண்டியின் முனையில் செதுக்கிய யாளி முகத்தில்தான். அதன் கழுத்துக்கு அடியில் முட்டு இல்லையென்றால் பெட்டி விழும்போது முதலில் உடைவது அதுவே. தந்திகளைத் தளர்த்துங்க, முழுசாக அவிழ்க்க வேண்டாம். தந்திகளைத் தாங்கும் குதிரை நகராமல் அடியில் துணி கொடுங்க.

விரல் வைத்து வாசிக்கும் 24 மெட்டும் (உலோகக் கட்டைகள்) மெழுகில்தான் நிற்குது. சித்திரை வெயிலில் வண்டி நின்றால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும்.

பெட்டி பிளைவுட்டாக இருக்கட்டும். பலகை மரம் என்றால், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான அடையாளம்) கேட்பாங்க. தந்தம் பதித்த பழைய வீணையா? அனுப்பும் பேச்சே வேண்டாம்.