இரத்மலானை விமானப்படை நூதனசாலை: மிக்கைத் தாண்டியும் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே போனால், இரத்மலானை விமான நிலையத்தை அண்டியிருக்கும் இலங்கை விமானப்படை நூதனசாலையை எளிதில் அடையலாம். 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இங்கு, 1971இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த மிக்-17 போர் விமானம் எவருடைய கண்ணையும் முதலில் இழுக்கும். எனினும், என் மதிப்பில், நின்று பார்க்க வேண்டியது போல்டன் போல் பாலியோல் என்னும் பயிற்சி விமானத்தையே.

1951இல் உருவான றோயல் சிலோன் விமானப்படை (இலங்கை விமானப்படையின் அன்றைய பெயர்) பயன்படுத்திய இவ்வகையில் உலகெங்கும் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் பெயர்பெற்ற ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் வரிசை இயந்திரத்தைத் தாங்குவதால் மூக்கு நீண்டிருக்கிறது. பயிற்சி பெறுபவரும் பயிற்றுநரும் அருகருகே அமர்வதால் விமானியறை அகன்றிருக்கிறது.

கடலோர உப்புக்காற்று அலுமினியத் தகட்டைத் தறையாணி (ரிவெட்) விளிம்புகளிலிருந்து அரிக்கத் தொடங்குமாதலால், இத்தகைய விமானத்தைக் காப்பது வெறும் பூச்சு வேலையன்று: பழைய பூச்சைக் களைந்து, அரித்த தகட்டை மாற்றி, மீண்டும் ஆணி பொருத்த வேண்டும். ஆகவே சிறகின் ஓரங்களையும் சில்லுக் கூடுகளையும் குனிந்து பார்ப்பது பயன் தரும்.

உள்நாட்டுப் போரில் பறந்த புக்காரா தாக்குதல் விமானம் போன்றவையும் உண்டு. அவற்றை வெறும் இயந்திரமாகப் பார்க்க நம்மில் எல்லாராலும் இயலாது. பொறியியல் ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தயங்காமல் கூட்டிச் செல்லலாம்.