90-ஆவது பர்சன்டைல்: 80-ஆ, 81.5-ஆ, 93.5-ஆ?

பத்துப் பேர் எழுதிய தேர்வு. மதிப்பெண்களை ஏறுவரிசையில் வைத்தால்: 35, 42, 48, 51, 56, 60, 67, 72, 80, 95. இதில் 90-ஆவது பர்சன்டைல், அதாவது பாடநூல் சொல்லும் நூற்றுமானம், எவ்வளவு? ஏறக்குறைய 90 சதவீதம் பேர் எந்த மதிப்பெண்ணுக்குள் அடங்குகிறார்கள் என்பதே கேள்வி. மூன்று வழிகளில் போட்டால் மூன்று விடை வரும். மூன்றுமே சரிதான், வம்பே அங்கேதான்.

முதல் வழி, விரல் விட்டு எண்ணுவது. பத்தில் 90 சதவீதம் 9. ஒன்பதாவது ஆள் எடுத்தது 80. முடிந்தது. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். விடை எப்போதும் யாரோ ஒருவர் உண்மையில் வாங்கிய மதிப்பெண்ணாக இருக்கும். ஆனால் 50-ஆவதைக் கேட்டால் 56 என்கிறது. நாம் பள்ளியில் படித்த இடைநிலை 58 ஆயிற்றே!

இரண்டாவது வழி, எக்செலின் பர்சன்டைல்.இன்க் என்ற சூத்திரம். இது (n−1)-ஐ வைத்துக் கணக்குப் போடும்; n என்பது எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, இங்கே 10. 0.9 × 9 + 1 = 9.1-ஆவது இடம். 80-க்கும் 95-க்கும் இடையே பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் 81.5. புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியும் பைத்தானின் நம்பை தொகுப்பும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் இதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எக்செலின் இன்னொரு சூத்திரமான பர்சன்டைல்.எக்ஸ்க். இது நம் பாடநூல் வழி: (n+1). 0.9 × 11 = 9.9-ஆவது இடம், விடை 93.5. கையில் இருப்பது பெரிய கூட்டத்தின் ஒரு மாதிரிதான், 95-க்கு மேலும் யாராவது இருக்கலாம் என்பது இதன் நியாயம். மாதிரி ஆய்வுக்குச் சரி. ஒரு வகுப்பு முழுவதையும் எடுத்துவிட்டு இதைப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. 95-ஆவது பர்சன்டைல் கேட்டாலோ 10.45-ஆவது இடத்தைத் தேடிப் போய்ப் பிழை காட்டும்.

வகுப்பு மதிப்பெண் என்றால் என் ஓட்டு முதல் வழிக்கு. ஆயிரக்கணக்கில் தரவு நெருக்கமாக இருந்தால் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. 1996-இல் ஹைண்ட்மன், ஃபேன் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் இப்படி ஒன்பது வழிகளைப் பட்டியலிட்டார்கள்; ஒன்பதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அப்புறம், ஜேஇஇ மெயினில் கேள்வியே தலைகீழ்: மதிப்பெண் தெரியும், பர்சன்டைல் எவ்வளவு? அதே அமர்வில் எழுதியவர்களில் உங்கள் அளவோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே விடை. அதனால்தான் முதலிடத்துக்கு முழு 100. நம் பத்துப் பேரில் 80 வாங்கியவருக்கு அந்தக் கணக்கில் 90. அவரைவிடக் குறைவாக எடுத்தவர்களை மட்டும் எண்ணினால் 80.