கனத்த உடல்வாகினருக்கு பேக் ரெஸ்ட் தாங்குமா? மீட்டியோர் 350-இல் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

என் உடல் எடை 118 கிலோ. ஓட்டுவது ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. 2020 நவம்பரில் அறிமுகமான இந்த வண்டியில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி அமைந்திருக்கிறது, இருக்கையின் உயரமும் 765 மில்லிமீட்டர்தான். அதனால் கால்கள் முன்னோக்கி நீள, மேலுடலின் பாரம் ஏறக்குறைய முழுவதும் இடுப்பிலும் வால் எலும்பிலும் இறங்குகிறது. திருச்சியிலிருந்து சென்னை நோக்கிப் போகும்போது விழுப்புரத்தைத் தொடுவதற்குள் கீழ்முதுகு இறுகிவிடும். இந்த வண்டியின் சில வகைகளில் நிறுவனமே பேக் ரெஸ்ட் வைத்துத் தருகிறது என்றாலும், அது பின்னால் அமர்பவருக்கு உரியது. ஓட்டுபவருக்கான சாய்மானத்தை நாமே தேடிப் பொருத்த வேண்டும். சில ஆண்டுகளாக இரண்டு வகைச் சாய்மானங்களைப் பயன்படுத்திப் பார்த்ததில், எடை கூடியவர்களுக்கு மெத்தையின் சொகுசைக் காட்டிலும் அதைத் தாங்கி நிற்கும் தண்டும் தண்டு பொருந்தும் இடமுமே முக்கியம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் வாங்கியது இணையத்தில் கிடைத்த ஆயத்தப் பொருள். பார்வைக்கு நேர்த்தியாக, கறுப்புப் பவுடர் கோட்டிங்குடன், 16 மில்லிமீட்டர் கம்பி ஒன்றின் மீது மெத்தை நிற்கும்படி செய்யப்பட்டிருந்தது. தொடக்கத்தில் முதுகுக்குக் கிடைத்த நிம்மதி உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் சில மாதங்களில் சாய்மானம் மெல்லப் பின்னோக்கிச் சரிந்தது. மடக்குவதற்காக இருந்த பின் ஆணியின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, சாயும்போதெல்லாம் ‘டக்’ என்று ஓர் ஆட்டம் கொடுத்தது. பிறகு ஒருநாள் வண்டியைக் கழுவும்போது, கம்பியும் அடித்தகடும் சேரும் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு துருக்கோடு கண்ணில் பட்டது. பவுடர் கோட்டிங்கின் மேல் அப்படிக் கோடு தெரிந்தால் அடியில் இரும்பு விரிசல் விடத் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். அன்றே கழற்றிவிட்டேன்.

அது ஏன் தாங்கவில்லை என்பதைச் சிறு கணக்கிலேயே பார்த்துவிடலாம். மீட்டியோரின் எஞ்சின் 20 குதிரைத்திறன் அளவுதான் என்பதால், வண்டி வேகமெடுக்கும்போது முதுகு சாய்மானத்தை அழுத்தும் விசை பெரிதல்ல. பெரிய விசை வருவது, முன்னால் இருக்கும் ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றி உடலைப் பின்னால் தள்ளும்போதும், பள்ளத்தில் இறங்கி எழும்போதும்தான். அப்படியொரு தருணத்தில் 50 கிலோ அளவு விசை விழுகிறது என்றும், அது அடித்தகட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அடியில் உண்டாகும் வளைக்கும் திருப்புவிசை 120 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். 16 மில்லிமீட்டர் திடக் கம்பியில் அது ஏறக்குறைய 305 மெகாபாஸ்கல் தகைவை (இரும்புக்குள் ஒரு சதுர அலகில் விழும் விசையை) ஏற்படுத்துகிறது, சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பு 250-ஐ ஒட்டிய அளவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். கம்பியை 20 மில்லிமீட்டராக்கினால் அதே விசைக்குத் தகைவு 156 ஆகக் குறைகிறது. கம்பியின் வளைவுத் தாங்குதிறன் விட்டத்தின் முப்படிக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்ப உயர்வதால், நான்கு மில்லிமீட்டர் கூடியதற்கே பலம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுகிறது. 40 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள தனி ஃபிளாட் பட்டையில் இதே கணக்கைப் போட்டால் 700-க்கும் மேல் வருகிறது. கனமானவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

போல்ட்டைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட் இரண்டு, எட்டு பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், இந்த விசைக்கு அவை அசைந்துகொடுப்பதில்லை. விட்டுக்கொடுப்பவை மடக்கும் பின்னும் வெல்டிங்கும்தான். வெல்டிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரே தடவையில் உடைக்க முடியாத சிறு விசையே ஆயிரக்கணக்கான முறை வந்து போகும்போது, வெல்டின் ஓரத்தில் கீறல் பிறந்து வளர்கிறது. ஆகவே ‘150 கிலோ தாங்கும்’ என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தால், அது அசையாமல் வைத்த எடையா, ஓடும் சாலையில் திரும்பத் திரும்ப வரும் அடியா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட விற்பனையாளர் ஒருவர் அதற்குப் பதிலாக மெத்தையின் நிறங்களைப் பட்டியலிட்டார்.

இரண்டாவது சாய்மானத்தைத் துவாக்குடியில் ஒரு பட்டறையில் செய்துகொண்டேன். அந்த வட்டாரத்தில் பெல் (BHEL) நிறுவனத்துக்குக் கொதிகலன் உதிரிகள் செய்து பழகிய பட்டறைகள் உண்டு. வெல்டிங்கில் அவர்களுக்கு இருக்கும் கை, வண்டி அலங்காரக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மாதிரியைப் பார்த்ததுமே வெல்டர், “அண்ணே, கம்பிய மட்டும் தடியா போட்டா பத்தாது, அடியில கஸெட் வைக்கணும்” என்றார். 20 மில்லிமீட்டர் கம்பி இரண்டு, அவை தகட்டோடு சேரும் மூலையில் கஸெட் எனும் முக்கோணத் தகடு, மடக்கும் இடத்தில் 12 மில்லிமீட்டர் பின்னும் அதைச் சுற்றி, தேய்ந்தால் மாற்றக்கூடிய புஷ் எனும் உறைக்குழாயும் என்று செய்து கொடுத்தார். அடித்தகடு இருக்கையின் பிளாஸ்டிக் அடிப்பாகத்தைப் பிடிக்காமல், சட்டகத்தில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் நேரடியாக அமர்கிறது. சட்டகத்தில் புதிதாகத் துளையிடவோ வெல்டு வைக்கவோ நான் சம்மதிக்கவில்லை. சூடு பட்ட சட்டகக் குழாய் அந்த இடத்தில் பலம் குன்றக்கூடும், பழுதானால் அதை மாற்றும் செலவும் சாதாரணமானதல்ல. மொத்தப் பொருளும் முதலாவதைவிட நல்ல கனம்தான். 191 கிலோ வண்டியில் 118 கிலோ ஆள் உட்காரும்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உயரம் வைப்பதில் எடை கூடியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாம் உட்கார்ந்ததும் ஃபோம் மற்றவர்களுக்கு அமுங்குவதைக் காட்டிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கிவிடும். சாய்மானமோ சட்டகத்தில் இருப்பதால் இறங்காது. இருக்கை காலியாக இருக்கும்போது அளந்து பொருத்தினால், உட்கார்ந்தபின் மெத்தை நடுமுதுகைத் தள்ளும். அப்படித் தள்ளினால் தோள் முன்னே வளையும், தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதும் சிரமமாகும். ஆளை உட்கார வைத்து, பெல்ட்டுக்குச் சற்று மேலே முதுகு உட்குழியும் இடத்தில் மெத்தையின் நடுப்பகுதி வரும்படி குறித்துக்கொள்வதே சரி. தொந்தி உள்ளவர்கள் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்கவும் வேண்டும். சாய்மானம் முன்னால் தள்ளி அமைந்தால் வயிறு டேங்க்கை முட்டும், நெருக்கடியில் வளைக்கும்போது முழங்கைக்கு இடமிருக்காது.

பாதுகாப்பு என்ற வகையில் இது சீட் பெல்ட் அல்ல. பிரேக் பிடித்தால் உடல் முன்னோக்கித்தான் போகும். அங்கே சாய்மானத்துக்கு வேலையில்லை. வேகத்தடையிலும் பள்ளத்திலும் சாய்ந்தபடியே ஏறுவது கெடுதல் என்பதை என் முதுகே பலமுறை சொல்லிவிட்டது. பின்சக்கரம் வாங்கும் அடி, உடல் நிமிர்ந்திருக்கும்போது கால்களுக்கும் ஓரளவு பிரியும். சாய்ந்திருந்தால் முதுகெலும்புக்கு நேரே வருகிறது. தடை தெரிந்ததும் முதுகை எடுத்துச் சற்று முன்னால் சாய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். மீட்டியோரின் பின் ஷாக் அப்சார்பரில் உள்ள ஆறு நிலை பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை) கூட்டி வைத்தபின், அடிவரை இறங்கி இடிப்பதும் குறைந்தது. பேக் ரெஸ்ட்டுக்குச் செலவழிக்கும் முன் ஒரு ஸ்பேனரால் இதைச் செய்து பார்த்துவிடலாம்.

உண்மையான ஆபத்து பின்னால் அமர்பவருக்குத்தான். பிரேக் பிடிக்கும்போது அவர் முன்னால் வந்து மோதுவது நம் முதுகில் அல்ல, இந்தக் கம்பியிலும் மெத்தையின் பின்புறத்திலும். ஆகவே பின்பக்கமும் ஓரங்களும் ஃபோம் வைத்து மூடியிருக்க வேண்டும். வெறும் போல்ட் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னால் அமர்பவருக்கு நிலையான கைப்பிடி வேண்டும் என்கிறது. சில ஆயத்தப் பொருள்களைப் பொருத்தும்போது அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அதே துளைகளைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதற்கு இணங்கக் கூடாது. என் மனைவி உடன் வரும் நாள்களில் நான் சாய்மானத்தை மடக்குவதுகூட இல்லை, முழுவதுமாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறேன். என் உடல்வாகில் ஏற்கெனவே பின்னிருக்கையின் இடம் குறைவு. தனியே போகும்போதும் இறங்குவதற்கு முன் மடக்கிவிடுவது நல்லது, இல்லையென்றால் காலைச் சுழற்றும்போது செருப்போ வேட்டியோ மாட்டிக்கொள்ளும்.

பராமரிப்பு அதிகமில்லை. எளிதில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, நட்டிலிருந்து தகடு வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். தளர்ந்தால் கோடு விலகியிருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். வெல்டிங் ஓரங்களை எண்ணெய் மாற்றும் வேளைகளில் துடைத்துப் பார்க்கிறேன். இதுவரை கீறலோ சரிவோ இல்லை. புஷ் ஒருமுறை மாற்றியாயிற்று, செலவு ஒரு வேளை டிபன் காசுதான். இப்போது ரெக்சின் தையல் ஓரத்தில் பிரியத் தொடங்கியிருக்கிறது. அதை மாற்றும்போது மெத்தையையும் இரண்டு சென்டிமீட்டர் மெலிதாக்கி, கொஞ்சம் கெட்டியான ஃபோமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.