காதடிக் கட்டி: அறுவையா, கண்காணிப்பா?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கங்களில் காதுக்குக் கீழே வலியின்றித் தோன்றும் கட்டியைப் பலர் நெறி கட்டியதாக எண்ணி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். காதடி உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு புற்றுநோயல்லாதவை என்பது உண்மைதான்; ஆனால் அறுவையா கண்காணிப்பா என்பதை, ஸ்கேனும் ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் சோதனையும் காட்டும் கட்டியின் வகையே தீர்மானிக்க வேண்டும்.

இச்சுரப்பியில் மிகுதியாக வரும் புற்றல்லாத வகையான பிளியோமார்ஃபிக் அடினோமா என்றால் அறுவையே மேல் என்பேன். அது மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். பல ஆண்டுகள் கழித்துச் சிலரிடம் புற்றாகவும் மாறும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் மீண்டும் முளைக்கும் வாய்ப்பு மிகுதியாதலால், சுரப்பியினூடே செல்லும் முகநரம்பைக் காத்தவாறு, சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்தே அகற்றுவார்கள். அறுவைக்குப் பின் முகத்தசை தளர்வது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும்; உண்ணும்போது கன்னம் வியர்ப்பது (பந்தியில் சங்கடம்தான்) சிலருக்கு நீடிக்கலாம்.

புற்றல்லாத இன்னொரு வகையான வார்த்தின் கட்டியோ பெரும்பாலும் புகைபிடிக்கும் முதியவர்களுக்கு, சில வேளை இருபுறமும், வருவது. அது புற்றாவது மிக அரிது என்பதால், மயக்க மருந்தைத் தாங்க இயலாதவருக்குக் கண்காணிப்பே போதும். வலி, வேகமான வளர்ச்சி, வாய் கோணுதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கலாகாது.