மின்சாரக் காருக்குக் காஸ் ஜெனரேட்டர் பூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் மின்சாரக் கார் ஓடுகிறவர்கள், குறிப்பாகப் பழைய நிசான் லீஃப் வைத்திருக்கிறவர்கள், தயவுசெய்து இதை வாசியுங்கள். என்னுடைய 385,000 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்கு முன்னமே எழுதிவிட வேண்டும் என்றுதான் இருந்து எழுதுகிறேன். இப்படியான சாமான் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் ஒழுங்காகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. சோலார், இன்வேட்டர், ஜெனரேட்டர் விற்கிற கடை. முகநூலிலும் விளம்பரம் வரும்.

என் கார் 24 யூனிட் பற்றரி லீஃப். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய் வாங்கியது. பற்றரி பழசு, முழுச் சார்ஜில் 90 கிலோமீற்றர் ஓடும். ஊருக்குள் ஓட அது தாராளம். ஆனால் மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஏ9 வீதியால் அங்கே போக ஏறக்குறைய 140 கிலோமீற்றர். கிளிநொச்சியில் தெரிந்தவர் வீட்டில் சார்ஜ் போட்டு, மணிக்கணக்காகக் காத்திருந்துதான் மிச்சத் தூரம் போவோம். குறைகிற அந்த 50 கிலோமீற்றரைத்தான் கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

கடைக்குப் போன அன்று நல்ல மரியாதை. தேத்தண்ணி வந்தது. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார், தன் மகனைப் பற்றிச் சொன்னார். பிறகு என் காரைக் கடை வாசலில் விடச் சொல்லி, ஒரு ஜெனரேட்டரை 5 கிலோ காஸ் சிலிண்டரில் இணைத்து இயக்கினார். அதிலிருந்து ஒரு எக்ஸ்ரென்சன் போர்ட், அதில் என் சார்ஜ் கேபிள். டாஷ்போர்ட்டின் மேலே நீல விளக்கு மினுங்கியது. சார்ஜ் ஏறுகிறது, என் கண்ணால் பார்க்கிறேன்.

“தம்பி, இதைப் பின்னால பூட்டிவிட்டால் நீங்கள் ஓட ஓட இது ஏத்திக்கொண்டே வரும். ஒரு சிலிண்டரோட வவுனியா. பி.எம்.டபிள்யூ காரனே ஐ3 காரில இதைச் செய்து வித்தவன். நாங்கள் செய்ய ஏலாதோ?”

“பாதுகாப்பு எப்படி அண்ணை? பிள்ளையும் ஏறுகிற கார்” என்று கேட்டேன்.

“என்ர பிள்ளையை ஏத்தி அனுப்புற மாதிரித்தான் பூட்டித் தருவன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

இந்த வார்த்தையை நம்பித்தான் காசை எண்ணிக் கொடுத்தேன். ஓடும்போது சார்ஜ் ஏற்றுகிற ‘கன்ட்ரோலர்’ கொழும்பிலிருந்து வரும், வந்ததும் பூட்டலாம், இப்போது முழுக் காசையும் கட்டினால்தான் ஓடர் போடலாம் என்றார். கட்டினேன். 385,000 ரூபாய், ஒரே தடவையில்.

அப்படி ஒரு கன்ட்ரோலர் வரவே இல்லை. ஜெனரேட்டரை மட்டும் பின்பெட்டியில் பூட்டித் தந்தார்கள். சார்ஜ் வயர் செருகியிருந்தால் லீஃப் நகராது. அந்தக் காரை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஐ3 கதையும் வேறு. அதில் 647 சீசீ எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே காரின் உயர் அழுத்த மின்சுற்றோடும் கணினியோடும் சேர்த்து வடிவமைத்தார்கள். காரின் பின்பெட்டியில் ஒரு ஜெனரேட்டரை வைத்துக் கட்டுவது அதுவாகாது. இதெல்லாம் விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

சரி, நிறுத்தி வைத்தாவது ஏற்றலாம் என்று ஆனையிறவு தாண்டியதும் ஓரமாக நிறுத்திப் போட்டால் கேபிளில் சிவப்பு விளக்கு. ஏறவே இல்லை. பிறகு தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து பார்த்துத்தான் காரணம் சொன்னார். இந்தச் சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது, அதனால் எர்த் இல்லை என்று நினைத்துச் சார்ஜ் கேபிள் மறுத்துவிடும். கடையில் காட்டிய எக்ஸ்ரென்சன் போர்ட்டுக்குள் அந்த இணைப்பைச் செய்து வைத்திருப்பார்கள் என்கிறார். அந்தப் போர்ட்டை எனக்குத் தரவில்லை.

அவர் அதைச் சரிசெய்து தந்த பிறகும் கதை முடியவில்லை. ‘5 கிலோவாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஜெனரேட்டர், கேபிள் 3 கிலோவாட் இழுக்கத் தொடங்கியதும் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. பெற்றோலில் கிடைக்கிற வலு காஸில் கிடைக்காது. குறைந்த அம்பியர் கேபிள் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டோம். 2 கிலோவாட்டில் பிடித்தது. ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீற்றர் என்று கணக்குப் பாருங்கள். எனக்குக் குறைகிற 50 கிலோமீற்றருக்கு நாலு மணித்தியாலம் றோட்டோரம் அந்தச் சத்தத்தோடு நிற்க வேண்டும். கிளிநொச்சியில் வீட்டு நிழலில் காத்திருந்தது எவ்வளவோ மேல்.

இனி அவர்களுடைய சாட்டுகள். முதலில் சாமான் சுங்கத்தில் நிற்கிறதாம். பிறகு “நல்லூர்க் கொடி இறங்கட்டும் தம்பி, பெடியள் எல்லாரும் கோயிலோட நிக்கிறாங்கள்.” கொடி இறங்கியது, பூங்காவனமும் முடிந்தது. அதன்பிறகு மகன்தான் தொலைபேசியை எடுப்பான். “அப்பா வெளியில போட்டார்.” வட்சப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. கடைக்கு நேரே போனால், உங்கட பற்றரி பழசு, அதுதான் பிழை என்று என் காரிலேயே குற்றம் சொன்னார். பழைய பற்றரி என்று தெரிந்துதானே ஐயா எனக்கு இதை விற்றீர்கள்!

கடைசியில் பில்லை எடுத்துக் காட்டினார். ‘ஜெனரேட்டர் 1, பொருத்துகூலி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஓடும்போது சார்ஜ் ஏறும் என்று ஒரு சொல் இல்லை. “நாங்கள் வித்தது ஜெனரேட்டர், அது வேலை செய்யுது.” திருப்பி எடுப்பதென்றால் 60,000 ரூபாய் தருவாராம். 385,000 ரூபாய் வாங்கிய பொருளுக்கு 60,000! அவர்களுடைய முகநூல் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். அழித்துவிட்டு என்னையும் தடுத்துவிட்டார்கள்.

காசை விடவும் என்னைக் கொதிக்க வைப்பது அந்தப் புகைக்குழாய். பின்பெட்டியின் அடித்தளத்தில் துளை போட்டு விட்ட குழாயைச் சுற்றி விரல் போகிற இடைவெளி. காபன் மொனொக்சைட் வாசமே இல்லாத நஞ்சு. பின் இருக்கையில் மகள் தலையிடிக்குது என்று சொன்னாள், வெயில் என்று நினைத்தோம். காஸ் கசிந்தாலும் அது காற்றை விடப் பாரம், பெட்டிக்குள்ளேயே தங்கும். தன் பிள்ளையை ஏற்றுகிற மாதிரிப் பூட்டியது இதுதான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான்: ஓட ஓடச் சார்ஜ் ஏறும் என்றால், உங்கள் காரிலேயே வீதியில் ஓடிக் காட்டச் சொல்லுங்கள். சொன்னதெல்லாம் பில்லில் இருக்க வேண்டும். வராத சாமானுக்கு முழுக் காசு கட்டாதீர்கள். காருக்குள் எஞ்சினும் சிலிண்டரும் வைக்கவே வேண்டாம், விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் என்ன சொல்வார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடப் போகிறேன். இதே மாதிரிப் பூட்டி ஏமாந்தவர்கள் வேறு யாரும் இருந்தால் பில்லையும் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.